உயிர் தாங்கும் கயிறு: ரங்கூன் துறைமுகம் முதல் நர்கிஸ் புயல் வரை



ரங்கூன் என்று சொன்னவுடன் நம் வீடுகளில் எத்தனையோ பேச்சுகள் கிளம்பும். ஷ்வேடகோன் பகோடாவின் பொன்னொளி, பிரேசர் தெருக் காளி கோயில், மொய்ங்காவும் அத்தோவும், 1964-க்குப் பிறகு பெட்டி படுக்கையோடு கப்பலேறிய கதை. இந்த மாதம் இவற்றையெல்லாம் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சாதாரணக் கயிறு ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஆபத்து நேரத்தில் கையில் கிடைத்த கயிற்றை உடம்பில் எப்படிக் கட்டிக்கொள்வது, கட்டிய கயிறு எப்போது உயிரைக் காக்கும், எப்போது அதே கயிறு உயிரை எடுக்கும் என்பதுதான் பேச்சு.

இதில் சரித்திரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மலையேறுகிறவர்கள் இன்று இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் வார்ப்பட்டை கடைக்கு வந்து அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால் அதே வேலையைச் செய்யும் கயிற்று ஆசனத்தைக் கப்பல் தொழிலாளர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்து பழகியிருந்தார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. ரங்கூன் துறைமுகத்தில் கலாசியாக வேலை பார்த்த என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர்.

துறைமுகத்துப் பாடம்

1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரத்து மக்கள் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைகளில் பெரும்பாலானவை தெலுங்கர்களின் கைகள். 1930 மே மாதம் துறைமுக வேலைநிறுத்தத்தை ஒட்டி மூண்ட கலவரத்தில் அதிகம் அடிபட்டவர்களும் அவர்கள்தான். தமிழர்களும் ஒடியர்களும் வங்காளிகளும் அவர்களோடு கலந்து வேலை செய்தார்கள். சாரங்கு, டிண்டல், கலாசி என்ற பெயர்களெல்லாம் அந்த வேலைத்தலத்துச் சொற்கள். கப்பி, தாம்பு, வடம் இவற்றோடு பழகுவதுதான் கலாசியின் பிழைப்பு.

கப்பல் துறையில் நிற்கும்போது அதன் வெளிப்புறத்துத் துருவைச் சுரண்ட வேண்டும், சாயம் பூச வேண்டும். பாய்மரக் கம்பத்தின் உச்சிக்குப் போய்க் கப்பியை மாற்ற வேண்டும். இதற்கு ஒரு பலகையை நான்கு மூலையிலும் கயிற்றால் பிணைத்து ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு, அதில் ஆளை உட்காரவைத்து இறக்குவார்கள். பலகை கைக்கு எட்டாத அவசரத்தில் வெறுங்கயிற்றிலேயே ஆசனம் முடிந்துகொள்வார்கள். மேலே வேலை செய்கிறவன் அடிபட்டுவிட்டால் அவனைக் கீழே இறக்குவதற்கும் அதே முடிச்சுதான். 1944-இல் அமெரிக்காவில் ஆஷ்லி என்பவர் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைப் படத்தோடு தொகுத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அடிபட்ட மாலுமியை இறக்கும் இந்த இரட்டைக் கண்ணி முடிச்சும் அதில் இருக்கிறது. கடல் தொழிலில் அது பழைய சங்கதி.

அப்பா இதை ஒரு டிண்டலிடம் கற்றவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்த முடிச்சைப் போடுவார். "இருட்டுலயும் மழையிலயும் போடத் தெரியணும். வெளிச்சத்துல போடறதுக்கு நீ எதுக்கு?" என்று அந்த டிண்டல் கேட்பாராம். இதை அப்பா எங்களிடம் சொல்லிச் சொல்லியே கற்றுக்கொடுத்தார்.

ஒற்றைச் சுற்று ஏன் ஆபத்து?

கயிறு கிடைத்ததும் நம் கை முதலில் செய்வது என்ன? இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று, ஒரு முடிச்சு. பார்வைக்கு இது பத்திரமாகத்தான் தோன்றும். தரையில் நிற்கும்வரை பத்திரமும்தான். கால் தரையை விட்டு உடல் தொங்கிவிட்டால் நிலைமை வேறு. முழு எடையும் அந்த ஒற்றைச் சுற்றில் விழும். கயிறு இடுப்பில் நிற்காது. மேலே வழுக்கி விலா எலும்பில் வந்து இறுகும். நாம் மூச்சு விடுவது விலா விரிந்து, அதற்கடியில் உள்ள உதரவிதானம் இறங்குவதால்தான். அந்த இரண்டையும் கயிறு அழுத்திவிட்டால் மூச்சை வெளியே விடலாம், உள்ளே இழுக்க முடியாது. சில நிமிடங்களில் ஆள் மயங்கிவிடுவான். கையைத் தூக்கினால் சுற்றுக்குள்ளிருந்தே நழுவிக் கீழே விழவும் கூடும்.

சுருக்கு முடிச்சாக இருந்தால் இன்னும் மோசம். இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும். ஆட்டுக்குப் போடும் சுருக்கை ஆளுக்குப் போடக்கூடாது என்று அப்பா சொல்வார்.

ஆகவே எடையைத் தாங்க வேண்டிய இடம் இடுப்பு அல்ல, தொடை. உடம்பில் நல்ல சதையும் பெரிய எலும்பும் சேர்ந்த இடம் அது. இரண்டு தொடைக்கும் இரண்டு கண்ணி, உடல் பின்பக்கம் சாய்ந்து தலைகீழாகிவிடாமல் மார்பைச் சுற்றி ஒரு பிடி. கயிற்று ஆசனத்தின் தத்துவம் இவ்வளவுதான். நம் பனையேறியைப் பாருங்கள். காலில் தளைநார் போட்டு, எடையைப் பாதத்திலும் காலிலும் தாங்கி ஏறுகிறார். கை அணைத்துக்கொள்ள மட்டும்தான். உடம்பின் எந்த இடம் எடை தாங்கும் என்பது அவருக்குப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்ததல்ல.

1942: கட்டாதே, பிடி

1941 டிசம்பர் 23-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினார்கள். 1942 மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த ஆண்டில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட நம் மக்கள் 4 லட்சத்துக்கும் மேல். அரக்கான் மலை வழியாக டவுங்குப் கணவாயைக் கடந்து போனவர்கள் ஒரு பகுதி. சிந்துவின் ஆற்றைக் கடந்து தமு, பாலேல், இம்பால் என்று போனவர்கள் ஒரு பகுதி. வழியெல்லாம் அடைபட்ட பிறகு வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக லேடோவை நோக்கி நடந்தவர்கள் ஒரு பகுதி. காலராவும் மலேரியாவும் பசியும் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. பல பத்தாயிரம் பேர் என்பது மட்டும் உறுதி.

மே மாத நடுவில் மழைக்காலம் தொடங்கியதும், முந்தின வாரம் முழங்கால் அளவு ஓடிய ஓடைகள் ஆளை அடித்துப்போகும் ஆறுகளாயின. ஹுகாங் வழியில் அசாம் தேயிலைத் தோட்டக்காரர்களும் அவர்களுடைய தொழிலாளர்களும் நிவாரண முகாம் அமைத்தார்கள். ஆறுகளின் குறுக்கே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் கடக்க வழி செய்தார்கள்.

அப்பா நடந்தது தமு வழி. அவருக்கு அப்போது 19 வயது. கூட வந்த கூட்டத்தில் கயிறு தெரிந்தவர் அவரும் இன்னொரு கலாசியும்தான். அவர்கள் கடைப்பிடித்த விதி ஒன்றே ஒன்று. ஆற்றின் குறுக்கே கயிற்றைக் கட்டு. ஆளைக் கயிற்றோடு கட்டாதே. பிடித்துக்கொண்டு போகட்டும்.

இது கேட்பதற்கு ஈவிரக்கம் இல்லாததுபோல் தோன்றும். குழந்தையை, கிழவியைக் கட்டிவிட்டால் பத்திரம் என்றுதானே மனசு சொல்லும்? ஆனால் ஓடும் நீர் நிற்காது. கட்டப்பட்ட ஆள் கால் இடறி விழுந்தால் கயிறு அவரை ஓரிடத்தில் நிறுத்திவிடும். வெள்ளமோ மேலே வந்து அழுத்திக்கொண்டே இருக்கும். மேலே எழும்ப முடியாமல், கரைக்கும் போக முடியாமல் அந்த இடத்திலேயே மூழ்குவார். பிடித்துக்கொண்டு போனவர் கையை விட்டால், மிதந்து போய்க் கீழே ஒரு திருப்பத்தில் ஒதுங்கவாவது வழியுண்டு. குழந்தைகளைப் பெரியவர்கள் தோளில் சுமந்தார்கள். பெரியவருக்குக் கயிறு, குழந்தைக்குப் பெரியவர். இன்றைக்கு உலகெங்கும் வெள்ள மீட்புப் பயிற்சியில் சொல்லித் தருவதும் இதுதான்: ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் விசேஷக் கொக்கி இல்லாமல் யாரையும் ஓடும் நீரில் கயிற்றோடு கட்டக்கூடாது.

கயிறும் உதவாத வெள்ளம் உண்டு. சௌகான் கணவாய் வழியாக வந்தவர்கள் 1942 ஜூனில் டாபா ஆற்றங்கரையில் சிக்கிக்கொண்டார்கள். கைல்ஸ் மக்ரெல் என்ற தேயிலைத் தொழில்காரர் யானைகளோடு அங்கே போனபோது, ஆற்றின் நடுவே ஒரு திட்டில் 68 சிப்பாய்கள் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பகல் முழுதும் முயன்றும் யானைகளால்கூட அந்த நீரைக் கடக்க முடியவில்லை. இரவில் நீர் சற்று வடிந்தது. அந்த இடைவெளியில் யானைகளைக் கொண்டுபோய் அவர்களை மீட்டார்கள். செப்டம்பர் வரை தொடர்ந்த அந்த மீட்பில் சுமார் 200 பேர் பிழைத்தார்கள். மக்ரெலுக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. யானையின் கழுத்தில் உட்கார்ந்து வெள்ளத்தில் இறங்கிய காம்தி இனத்துப் பாகர்களின் துணிச்சலை நாமாவது நினைவில் வைப்போம். காத்திருப்பதும் மீட்பின் ஒரு பகுதிதான் என்பதற்கு டாபா ஆறு சாட்சி.

மலையேறிகள் தாமதமாகக் கற்றது

மலையேறுகிறவர்களின் கதையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டில் ஏறியபோது அவர்கள் உடம்பில் கயிறு இடுப்பைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்து மலையேறிகள் பலருக்கும் அதுவே வழக்கம். விழாமல் இருப்பதுதான் விதி. விழுந்து தொங்கினால் என்ன ஆகும் என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது. 1970-இல் அன்னபூர்ணாவின் தெற்கு முகத்தில் ஏறிய பிரிட்டிஷ் குழுவுக்காக டான் வில்லன்ஸ் என்ற மலையேறி ஓர் உட்காரும் வார்ப்பட்டையை வடிவமைத்தார். பின்னர் அது கடைக்கு வந்து உலகம் முழுதும் பரவியது. தொடையில் எடையைத் தாங்கும் அதே பழைய தத்துவம்தான். கயிற்றுக்குப் பதில் தைத்த நாடா.

கயிறும் மாறியது. அதுவரை கப்பலுக்கும் மலைக்கும் நல்ல கயிறு என்றால் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த மணிலா நார்க்கயிறு. 1942-இல் ஜப்பானியர் அந்த நாட்டைப் பிடித்ததும் மணிலா வரத்து நின்றது. அமெரிக்கா தன் மலைப்படைக்கு நைலானில் கயிறு திரிக்கத் தொடங்கியது. நைலான் இழுபடும், அதிர்ச்சியை உள்வாங்கும், மழையில் மக்காது. நம்மை ரங்கூனிலிருந்து விரட்டிய அதே போர்தான் நைலான் கயிற்றையும் உலகத்துக்குக் கொண்டுவந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பர்மாவின் வடகோடியில் ஹகாபோ ராசி என்ற பனிமலை இருக்கிறது. உயரம் 5,881 மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. 1996-இல்தான் ஜப்பானியரான தகாஷி ஒசாகியும் உள்ளூர்க்காரரான நியாமா கியால்ட்சனும் அதில் முதன்முதல் ஏறினார்கள். 2014-இல் அங்கே ஏறப்போன பர்மிய மலையேறிகள் இருவர் காணாமல் போனார்கள். தேடப்போன ஹெலிகாப்டர் ஒன்றும் விழுந்தது. நல்ல கருவி இருந்தாலும் மலை தன் விலையைக் கேட்கும்.

யாங்கோன் நகரத்துக்குள்ளேயே உயரத்தில் வேலை செய்கிற மரபு ஒன்று இன்னும் இருக்கிறது. 326 அடி உயர ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பொன்தகடு புதுப்பிக்கும் காலத்தில் அடி முதல் நுனி வரை மூங்கில் சாரம் எழும்பும். 1999-இல் உச்சிக் குடையை மாற்றியபோதும் அப்படித்தான். ஆணி இல்லாமல் கட்டியே எழுப்பும் அந்தச் சாரத்தைப் பார்த்தால், முடிச்சின்மேல் அந்த ஊருக்கு இருக்கும் நம்பிக்கை விளங்கும்.

நர்கிஸ் இரவு

2008 மே 2-ஆம் தேதி நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். மறுநாள் விடிகாலை யாங்கோனைத் தாக்கியது. நூறாண்டு கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்து தெருக்களை அடைத்தன. மின்சாரமும் தண்ணீரும் நின்றன. பிக்குகளும் தெருக்காரர்களும் கோடரியும் அரிவாளுமாக இறங்கி மரங்களை வெட்டி வழி உண்டாக்கினார்கள்.

நகரத்தில் காற்று, டெல்டாவில் கடல். லபுட்டா, போகலே பக்கம் சுமார் 12 அடி உயரத்துக்குக் கடல் எழும்பி, சமதரையில் 40 கிலோமீட்டர் வரை உள்ளே வந்தது. அரசு தந்த கணக்குப்படி இறந்தவர்கள் 84,537 பேர், காணாமல் போனவர்கள் 53,836 பேர். அலையாத்திக் காடுகள் நெல்லுக்காகவும் இறாலுக்காகவும் விறகுக்காகவும் வெட்டப்பட்டிருந்ததால் அலையைத் தடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

பிழைத்தவர்களில் பலர் தென்னையையும் பனையையும் கட்டிப்பிடித்துப் பிழைத்தவர்கள். கயிற்றாலும் லோஞ்ஜியாலும் தங்களையும் பிள்ளைகளையும் மரத்தோடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. இரவு முழுதும் கையால் பிடித்திருக்க மனித உடம்பால் முடியாது. விரல் மரத்துப்போகும், குளிரில் பிடி தளரும். அந்த வேளையில் கட்டுதான் காப்பாற்றும்.

ஆனால் இந்தக் கட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நீர் இன்னும் ஏறினால் என்ன செய்வது? தாழ்வாகக் கட்டினால் கட்டே எமன் ஆகிவிடும். மரம் சாய்ந்தால் மரத்தோடு நாமும் நீருக்கடியில் போவோம். 2013-இல் நான் யாங்கோன் போயிருந்தபோது, டெல்டாவில் உறவுகளை இழந்த ஒரு தமிழ் முதியவரைக் காளி கோயில் வாசலில் சந்தித்தேன். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு ஏறிய பிறகு கட்டு. முடிச்சு முன்பக்கம், நம் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு கையால் இழுத்தால் அவிழ வேண்டும். பிள்ளையைத் தனி மரத்தில் கட்டாதே. உன் மரத்திலேயே, உனக்கு முன்னால், மரத்துக்கும் உனக்கும் நடுவில் வைத்துக்கொள். "அவுக்கத் தெரியாத கட்டைக் கட்டாதீங்க தம்பி" என்றார். நான் எழுபதை நெருங்கியவன் இல்லையென்றாலும் அறுபதைத் தாண்டியவன். என்னைத் தம்பி என்று கூப்பிட அவருக்கு வயது இருந்தது.

ஓடும் ஆற்றில் கட்டாதே என்பதும், புயல் நீரில் மரத்தோடு கட்டு என்பதும் முரண்போலத் தோன்றலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். நீர் மேலேறினால் நான் விலக முடியுமா? முடியும் என்றால் கட்டலாம். முடியாதென்றால் பிடித்துக்கொள்வதே மேல்.

கிணற்றடியில் ஒரு மாலை

நாங்கள் 1965-இல் கப்பலில் வந்து இறங்கினோம். ஒரு சிறிய ஊரின் ஓரத்தில் குடியிருப்பு கிடைத்தது. 1974 கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் கிணறு தூர் வாரும் வேலை. 40 அடி ஆழம். மேலே ஏறி வந்த தொழிலாளி ஒருவர் பாதியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பேசிக்கொண்டிருந்தார், ஆனால் எழ முடியவில்லை. மேலே இருந்தவர்கள் தாம்புக் கயிற்றை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி இழுத்தார்கள். இரண்டு அடி எழும்பியதும் அவர் குரல் அடைத்துவிட்டது.

சத்தம் கேட்டு அப்பா ஓடினார். "இறக்குங்கப்பா, இறக்குங்க! ஆளைக் கொன்னுடுவீங்க" என்று கத்தினார். கிணற்றில் ஏற்கெனவே மூன்று பேர் காலையிலிருந்து வேலை செய்தவர்கள், நல்ல அகலமான திறந்த கிணறு, அடிபட்டவர் தெளிவாகப் பேசுகிறார். ஆகவே காற்று கெட்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஓர் இளைஞரை அப்பா கீழே அனுப்பினார். அதற்கு முன் மேலேயே ஆசனத்தை முடிந்து, அந்த இளைஞரையே ஒரு மரக்கிளையில் தொங்கவிட்டுப் பார்த்தார். கீழே போனவர் அதை அடிபட்டவரின் தொடைகளில் மாட்டி, மார்பைச் சுற்றி ஒரு பிடி போட்டார். முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துத் துண்டால் கட்டினார். எட்டுப் பேர் சீராக இழுத்தார்கள். கால் மணி நேரத்தில் அவர் கரையில் இருந்தார். வலியில் அழுதார், ஆனால் மூச்சு இருந்தது. பர்மாக்காரர்கள் என்று தள்ளியே பேசிவந்த அந்தத் தோட்டத்துக்காரர்கள் அதன் பிறகு எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள்.

முடிச்சு போடும் முறை

கேட்டவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். விரலளவு பருமனுள்ள நீண்ட கயிற்றை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இரட்டையாக உள்ள கயிற்றில் ஒரு சிறு கண் போடுங்கள். மடிப்பு நுனியைக் கீழிருந்து அந்தக் கண் வழியாக மேலே இழுங்கள். இப்போது கீழே இரண்டு பெரிய கண்ணிகள் தொங்கும். மேலே வந்த மடிப்பு நுனியை விரித்து, அந்த இரண்டு பெரிய கண்ணிகளும் முழுவதுமாக அதற்குள் நுழைந்து வெளிவரும்படி கீழே கொண்டுபோய், முடிச்சின் பின்புறமாக மேலே ஏற்றி இறுக்குங்கள். எவ்வளவு இழுத்தாலும் இந்தக் கண்ணிகள் சுருங்கா. தொடைக்கு ஒன்றாக மாட்டி, கயிற்றின் ஒரு வாலை அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி எடுத்து, மேலே போகும் கயிற்றோடு சேர்த்துக் கட்டினால் ஆள் சாயமாட்டார். மார்புக் கயிறு நிமிர்த்தி வைக்கத்தான், எடை தாங்க அல்ல.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும்.

துணி காயப்போடும் கொடிக்கயிறு, இற்றுப்போன தேங்காய் நார்க்கயிறு இவற்றில் ஆளைத் தொங்கவிடாதீர்கள். வழவழப்பான பிளாஸ்டிக் கயிற்றில் முடிச்சு வழுக்கும், உரசினால் சூட்டில் உருகும். கிணற்றுச் சுவரின் கூரான விளிம்பில் கயிறு உரசாமல் கோணிச் சாக்கை மடித்து வையுங்கள்.

நல்ல ஆசனத்திலும் அசையாமல் வெகுநேரம் தொங்கக்கூடாது. காலில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும். தொங்குகிறவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் நிமிடக் கணக்கில் அவரை மீட்க வேண்டும். மீட்டவரை உட்காரவைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. படுக்கவைத்து, மூச்சைக் கவனித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரி.

மூடிய கிணறு, கழிவுநீர்த் தொட்டி இவற்றில் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து இறந்தவர்களின் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். விளக்கு அணையாத காற்றிலும் ஆளைக் கொல்லும் நஞ்சு இருக்கலாம். எரியும் வாயு இருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். 101-ஐயோ 112-ஐயோ அழையுங்கள். வரும்வரை மேலிருந்து பேச்சுக் கொடுங்கள், முடிந்தால் காற்றடியுங்கள்.

நாம் பிழைக்க வந்து தங்கிய இடங்களில் பலவும் தாழ்ந்த இடங்கள். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது நம் தெருதான் என்பது 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அப்போதும் இளைஞர்கள் தெருவின் இரு பக்கமும் கயிறு கட்டி ஆட்களைப் பிடித்து நடக்கவைத்தார்கள். வீட்டுக்கு 20 மீட்டர் நல்ல கயிறு ஒன்று வாங்கி, மழை படாத இடத்தில் சுருட்டி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முடிச்சைப் பழகிப் பாருங்கள். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். துறைமுகத்திலோ, படகிலோ, மரம் அறுக்கும் மில்லிலோ, வயலிலோ வேலை செய்து, ரங்கூனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மலைத்தோட்டத்திலிருந்தோ வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர்கள் கையில் இப்படி எத்தனை முடிச்சுகள் இருக்கின்றனவோ! நடந்து வந்த கதையைக் கேட்கிற நாம், கையால் செய்த வேலையைக் கேட்பதில்லை. ஒரு கயிற்றை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். பேசாதவர்களும் பேசுவார்கள். அதை எழுதி அல்லது ஒலிப்பதிவு செய்து நம் நிலையத்துக்கு அனுப்புங்கள். வரும் மாதங்களில் ஒவ்வொன்றாக ஒலிபரப்புவோம்.